நான் ஏறாத படகு

படகுத் துறையில் எனக்குப் பத்தி என்று பேர். இந்தியில் விளக்குத் திரியைச் சொல்வது. வேலையை விட்டு வந்த பிறகும் பேர் என்னை விடவில்லை. தாராவியில் எங்கள் சால் குடியிருப்பில் இருக்கிற பிள்ளைகள்கூடத் திரி மாமா என்றுதான் சொல்கிறார்கள். ஏன் அந்தப் பேர் என்று கேட்டால் பெரியவர்கள் சிரித்துக்கொண்டு ஒரு கதை சொல்வார்களாம். இவர் விளக்குத் திரியைப் பார்த்துப் பயந்து படகை விட்டு ஓடியவர் என்று.

ஓடவில்லை. இறங்கினேன். இறங்கி அங்கேயே நின்றேன்.

எங்கள் ஊர்க்காரர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று பையன்கள் கேட்டபோது எனக்கு எழுத வராது என்றுதான் சொன்னேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனால் போன மாதம் துறைப் பக்கம் போயிருந்தேன். இப்போது எல்லாம் ஃபைபர் படகு. ஒரே வார்ப்பு. பலகையும் இல்லை, இடுக்கும் இல்லை. ஒருவன் படகின் அடியில் ஏதோ பூசி முடித்தான். கையைத் துடைத்தான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"தண்ணியில விட்டா நீ ஏறிப் பாக்கலியா?" என்றேன்.

"நான் எதுக்கு அங்கிள் ஏறணும்? போட்டு அவங்களுது. நம்ம வேலை முடிஞ்சிட்டு" என்றான்.

அவன் மேல் குறை இல்லை. அவன் காலம் அது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் பேப்பர் வாங்கி வரச் சொன்னேன்.

என் ஊர் திருச்செந்தூர் பக்கம் தேரிக்காடு. கடலுக்குக் கூப்பிடு தூரம் இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. தாராவிக்கு வந்து சித்தப்பாவிடம் தோல் தைத்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் செம்பூருக்கு அப்பால், மாகுல் சேற்றுக் கரையில் ஒரு படகுக் கொட்டகையில் கிழிந்த பாய் தைக்க ஆள் தேடினார்கள். தடித்த ஊசி பிடித்துப் பழகிய கை வேண்டும் என்றார்கள். குர்லாவில் வண்டி மாறிப் போய் நின்றேன். பாய் தைத்தேன். அப்புறம் கயிறு. அப்புறம் சுரண்டுவது, பூசுவது. ஒரு நாள் உளியைக் கையில் கொடுத்தார்கள். அவ்வளவுதான் என் படிப்பு.

கொடுத்தவர் யூசுப் தண்டேல். ரத்னகிரி பக்கத்து ஆள். தண்டேல் என்றால் படகை நடத்துகிறவர். அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்தது பம்பாய் இந்தி. இரண்டு பேருக்குமே அது சொந்த மொழி இல்லாததால் குறைவாகப் பேசினோம். அவர் திட்டி நான் கேட்டதில்லை. தப்பு என்றும் சொல்ல மாட்டார். வேலையைப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் உளியை எடுத்து வந்து என் காலடியில் வைத்துவிட்டுப் போவார். எங்கே தப்பு என்று நான்தான் தேட வேண்டும். பிடித்திருந்தால் டீ குடிக்கப் போய்விடுவார்.

மரப் படகு வேலை இப்படி. மழைக்காலத்துக்கு முன்னால் படகைக் கரையேற்றிக் கூரைக்குக் கீழே வைப்போம். மழை முடிந்ததும் அடியைச் சுரண்டுவோம். சிப்பி ஒட்டிச் சிமெண்டு மாதிரி இருக்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பழைய பஞ்சைக் கொக்கியால் கிளறி எடுக்க வேண்டும். புதுப் பஞ்சைத் தொடையில் வைத்து உருட்டி, மழுங்கல் உளியால் இடுக்கில் வைத்து, கொட்டாப்புளியால் அடிக்க வேண்டும். தூத்துக்குடியில் கலப்பத்து என்பார்கள். அடிக்கிற சத்தத்தைக் கேட்டு அடிக்க வேண்டும். முதலில் மொத்தென்று கேட்கும். பஞ்சு நிறைய நிறையச் சத்தம் குறுகிக் கணீரென்று வரும். அந்த இடத்தில் கை நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது. தோல் தைக்கிறவனுக்கு இது கஷ்டம். தோல் நனைந்தால் தளரும், அதனால் இறுக்கித் தைத்துப் பழகிய கை. மரம் நனைந்தால் பருக்கும். இறுக்கி அடைத்தால் பருக்க இடமில்லாமல் பலகை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பஞ்சின் மேல் சுண்ணாம்புப் பொடியும் ஆளி எண்ணெயும் பிசைந்த மக்கு. அதன் மேல் சிவப்புப் பூச்சு. பிறகு படகைத் தண்ணீரில் இறக்கிக் கட்டிப்போட்டு, அது குடிக்கிற மட்டும் குடிக்க விட வேண்டும். முதல் நாள் உள்ளே தண்ணீர் வரும். மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பலகை பருத்ததும் தானாக நிற்கும்.

நின்ற பிறகு தண்டேல் உள்ளே குனிந்து ஒவ்வொரு இடுக்கிலும் உள்ளங்கையை வைத்து ஓட்டுவார். கையைத் தன் வெள்ளைப் பனியனில் துடைப்பார். பனியனைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. எழுதி வைத்ததில்லை. பஞ்சு அடைத்தவன்தான் படகில் முதலில் ஏற வேண்டும். கொட்டகையை விட்டுப் போகிற முதல் நாள் மட்டும் இல்லை, படகு வெளியே இருக்கிற வரைக்கும் எந்தக் கரையில் நின்று கிளம்பினாலும் அவன்தான் முதலில் கால் வைக்க வேண்டும். அவன் ஏறாத படகில் பாய் இழுக்கிற கலாசி ஏற மாட்டான், தண்டேல் ஏற மாட்டான். எனக்கு நீந்தத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "அச்சா ஹை. அப்போ நல்லா அடைப்பே" என்றார் தண்டேல். அப்படித்தான் தோல்காரன் கடலுக்குப் போனேன்.

நான் பார்த்துக்கொண்ட படகு நந்தினி. ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரரிடம் வெங்கட்ராமன் சார் வாங்கியது. மாட்டுங்காவில் வீடு. பாலக்காட்டுக்காரர். ஒரு கம்பெனியில் பெரிய எஞ்சினியர். படகுக்குப் பழைய பேர் மேரி. பின்பக்கத்தில் செதுக்கியிருந்தது. மக்கு வைத்து மூடி மேலே நந்தினி என்று எழுதினோம். வெயில் ஏறினால் மக்கு சுருங்கி மேரி தெரிவாள். ஒவ்வொரு வருஷமும் மூடுவேன். ஒவ்வொரு மே மாதமும் வருவாள்.

ஒரு வருஷம் மே மாதம், படகைக் கரையேற்றுவதற்கு முன்னால், சாருக்கு ஒரு ஆசை வந்தது. மாமியோடு கரையை ஒட்டியே தெற்கே போய் வர வேண்டும். மாமி என்றால் சாரின் வீட்டம்மா. கொட்டகையில் எல்லாருக்கும் அவர் மாமிதான். சார், மாமி, தண்டேல், நான். நாலு பேர். மாண்ட்வா, அலிபாக், ரேவ்தண்டா, முருட். காற்று வந்தால் போவோம், வராவிட்டால் நங்கூரம் போட்டுச் சாப்பிடுவோம். மாமி பம்ப் ஸ்டவ்வில் வத்தக்குழம்பு வைப்பார். சார் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்துக்கொள்வார்.

எனக்கு அது புதிது. அதுவரைக்கும் நான் ஓரிடத்துக்குப் போனேன் என்றால் அங்கே வேலை இருந்தது என்று அர்த்தம். சும்மா போவதற்காகப் போவதை நான் கண்டதில்லை. முதல் நாள் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கயிறுகளைப் பிரித்துத் திரும்பத் திரும்பச் சுருட்டினேன்.

"உக்காருடா சுடலை. கடலைப் பாரு. உன்னை நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார் சார்.

"பாத்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

"கயத்தையில்லடா, கடலை!"

மாமி சிரித்தார். நல்ல மனிதர்கள். இதைச் சொல்லாமல் மேலே எழுதக் கூடாது.

வெள்ளிக்கிழமை முருட் வந்தோம். கடலுக்கு நடுவில் கோட்டை. கரையில் தென்னையும் பாக்கும். மாமி படகின் உள்ளறைக் கதவைச் சாத்தி, காற்றுப் படாமல் ஒரு சின்ன விளக்கு ஏற்றிக் கும்பிட்டார். சனிக்கிழமை மணலில் நடந்தார்கள். ஞாயிறு விடியலில் கரைக்காற்றைப் பிடித்துக் கிளம்ப வேண்டும். திங்கள் சாருக்கு ஆபீஸ்.

ஞாயிறு இருட்டோடு தண்ணீர் எடுக்க நாங்கள் எல்லாரும் கரைக்குப் போயிருந்தோம். நான் மட்டும் முதலில் திரும்பி வந்து, தரைப் பலகையைத் தூக்கி, அடியில் தேங்கியதை மொண்டேன். எந்த மரப் படகும் கொஞ்சம் குடிக்கும். தினமும் குடித்த அளவுதான் இருந்தது. கடைசியாக மொண்டதில் வெள்ளையாக ஏதோ சுற்றியது. எடுத்தேன். பஞ்சு. உருட்டிய பஞ்சு. என் விரல் நீளம்.

நான் அடைத்த பஞ்சு உள்ளே வருகிறது என்றால் ஏதோ ஒரு இடுக்கு வாய் திறந்திருக்கிறது. உள்ளங்கையை வைத்து எல்லா இடுக்கையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கீலுக்கு, அதாவது படகின் அடிக்கட்டைக்கு, பக்கத்துப் பலகையை உள்ளேயிருந்து தொட முடியாது. குறுக்குக் கட்டைகள் மறைக்கும். வெளியே போய்ப் படகு சாய்ந்து பலகை வேலை செய்யும்போது மிச்சப் பஞ்சும் வந்துவிட்டால், மொள்ளக் கை போதாது. மாமிக்கும் நீந்தத் தெரியாது.

இறங்கிக் கரைக்கு வந்தேன். கையில் பஞ்சு.

"என்னடா, பாயை அவுத்தாச்சா?" என்றார் சார்.

"நான் ஏறலை சார்."

"ஏறலைன்னா?"

"பஞ்சு உள்ள வந்திருக்கு. எந்த இடுக்குன்னு தெரியலை. படகைச் சாய்ச்சுப் பாக்கணும்."

"ஜலம் ஜாஸ்தியா வந்திருக்கா?"

"இல்ல சார்."

"அப்பறம் என்ன? இத்தனை தூரம் வந்த படகுதானே இது? நாளைக்கு நேக்கு ஆபீஸாக்கும்."

"படகு அதுதான் சார். நான் ஏற மாட்டேன்."

சார் தண்டேலைப் பார்த்தார். தண்டேல் பஞ்சை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சாரிடம் இந்தியில் மெதுவாகச் சொன்னார். "எனக்கு பயம் இல்லை சாப். படகு போகும்னுதான் தோணுது." சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்தார். "ஆனா பரனேவாலா இறங்கிட்டான்." அடைத்தவன் இறங்கிவிட்டான். அவ்வளவுதான் அவர் சொன்னது.

கரையில் கோலி மீனவர்கள் கூடிவிட்டார்கள். காய் ஜாலா, என்ன ஆச்சு என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். மீசை வைத்த ஒருவன் விஷயம் தெரிந்ததும் தொடையைத் தட்டினான். "மதராசி டர் கயா!" மதராசி பயந்துட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வார்த்தை அப்போது பம்பாயில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வண்டியில் கேட்டிருக்கிறேன், குழாயடியில் கேட்டிருக்கிறேன். நான் மணலில் காலை ஊன்றி நின்றேன்.

சார் அந்த மீசைக்காரனையே கூப்பிட்டார். "பாய் கட்டத் தெரியுமா? பம்பாய் வரைக்கும் வரியா? நல்ல கூலி தரேன்."

தெரியும் என்று முன்னால் வந்தான். முழங்கால் தண்ணீர் வரை போனான். திரும்பித் தண்டேலைப் பார்த்தான். "கலப்பத்து யாரு அடைச்சது?" என்று கேட்டான். தண்டேல் என்னைக் காட்டினார்.

அவன் தண்ணீரிலிருந்து வெளியே வந்துவிட்டான். "வீட்டில வேலை இருக்கு சேட்" என்றான். சார் அடுத்தவனைப் பார்த்தார். அவன் வானத்தைப் பார்த்தான். சிரித்தவன் ஒருவனும் ஏறவில்லை.

கடல் ஏறியபோது படகைக் கயிறு கட்டி மணல் மேல் இழுத்தோம். அந்தச் சிரித்தவர்களும் பிடித்தார்கள். கடல் வற்ற வற்ற நந்தினி மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து படுத்தாள். கீல் ஓரம் பூராவும் தட்டினேன். ஓரிடத்தில் சத்தம் சந்தேகமாக இருந்தது. மக்கை உடைத்துக் கைநீளத்துக்குப் பஞ்சைக் கிளறி எடுத்தேன். உள்ளே காய்ந்து இருந்தது. மரம் பொன் மாதிரி இருந்தது. ஒரு குறையும் இல்லை.

மாமி நிழலிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்த்தார். பலகை மேல் நான் வைத்திருந்த அந்த முதல் பஞ்சை எடுத்தார். விரலால் நெருடினார்.

"அடராமா. சுடலை, இது என்னோட திரின்னா! வெள்ளிக்கிழமை விளக்குக்கு உக்காந்து திரிச்சேன். ஒண்ணு கொறஞ்சுது, எங்க போச்சுன்னு பாத்தேன். பலகை இடுக்கு வழியா விழுந்திருக்கு!"

நான் தண்டேலிடம் இந்தியில் சொன்னேன், அவர் மற்றவர்களுக்குச் சொன்னார். அவர்கள் சிரித்த சிரிப்பு கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். மீசைக்காரன் மணலில் உட்கார்ந்தே விட்டான். பத்தி, பத்தி என்று கத்தினான். பேர் அங்கேதான் பிறந்தது.

உன் முறுக்கு உனக்குத் தெரியாதா என்று பிறகு என்னைப் பலர் கேட்டார்கள். அவரும் தொடையில் வைத்துத்தான் திரிக்கிறார், நானும் தொடையில் வைத்துத்தான் உருட்டுகிறேன். ஊறின பஞ்சில் பேர் எழுதியிருக்காது.

சார் சிரிக்கவில்லை. முகம் சிவந்துபோயிருந்தது. "ஆச்சா? திருப்தியா? கடல் ஏறினதும் கெளம்பறோம்."

"முடியாது சார். கிளறின இடத்துல திரும்ப அடைக்கணும். மக்கு இறுகணும். அந்தப் பக்கம் இன்னும் பாக்கலை."

"அதான் திரின்னு தெரிஞ்சாச்சேடா! அந்தப் பக்கம் என்னத்துக்கு?"

"திரி விழுந்தது நெசம் சார். அதுக்காக அந்தப் பக்கம் நல்லா இருக்குன்னு எப்படிச் சொல்லுததுக்கு? நான் பாக்கலைல்லா."

"நீ தப்புன்னு ஒத்துக்கப் போறியா இல்லையா?"

"பஞ்சைப் பாத்தேன், இறங்கினேன். நாளைக்குப் பாத்தாலும் இறங்குவேன்."

"ஏன்னா, விடுங்கோ" என்றார் மாமி. சார் விடவில்லை. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பஸ் பிடித்து ரேவஸ் போய் லாஞ்சில் பம்பாய் போவதென்று முடிவு. போகும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார். "இனிமே ஷெட்டுப் பக்கம் வராதே. போட்டைக் கொண்டுவந்து விட்டுட்டு நீ போயிண்டே இரு."

நான் கைநீளப் பஞ்சை அடைத்தேன். மக்கு வைத்தேன். அடுத்த ஏற்றத்தில் படகைத் திருப்பி மறு பக்கம் சாய்த்துப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றும் இல்லை. பிறகு ஏறினேன். நான் உட்கார்ந்த பிறகு தண்டேல் ஏறினார். வடக்கே வரும்போது காற்று ஒழுங்காக இருந்தது. படகு வழக்கமாகக் குடித்ததைத்தான் குடித்தது. அலிபாக் தாண்டியதும் தண்டேல் என் பக்கம் திரும்பினார்.

"டர் லகா தா?" என்றார். பயமா இருந்ததா?

"ஆமா."

"அச்சா" என்றார். டீ போடச் சொன்னார்.

நான் திரும்பத் தோல் தைக்க உட்கார்ந்தேன். துறையிலிருந்து கதை எனக்கு முன்னால் தாராவிக்கு வந்து சேர்ந்திருந்தது. ஏலே திரி, ஏறுலே, இறங்குலே என்று பஸ் ஸ்டாப்பில் சொல்வான்கள். சொல்லட்டும் என்று இருந்தேன். மழை வந்தது. போனது.

தீபாவளிக்குச் சமீபம் ஒரு மத்தியானம் பட்டறை வாசல் இருட்டியது. நிமிர்ந்தால் யூசுப் தண்டேல். செம்பூர் தாண்டி அவர் இந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. உளியை என் காலடியில் வைத்தார்.

"சார் கூப்பிட்டாரா?" என்றேன்.

நடந்ததைச் சொன்னார். சார் செவ்ரியிலிருந்து வேறு ஆளை வைத்து அடைத்தார். நல்ல வேலைக்காரன். முதல் பயணத்தன்று அவன் வரவில்லை. மச்சானுக்குக் கல்யாணம் என்று ஆள் அனுப்பினான். தண்டேல் ஏறாமல் துறையில் உட்கார்ந்துவிட்டார். சார் வெயிலில் அங்கும் இங்கும் நடந்தார். கடைசியில், "போய் அந்தப் பத்தியைக் கூட்டிண்டு வா" என்றார்.

போனேன். படகைப் பார்த்தேன். அவன் நன்றாகவே அடைத்திருந்தான். நானே அவ்வளவு நேர்த்தியாக அடைத்திருப்பேனா தெரியாது.

"எல்லாத்தையும் கிளறி எடுத்துட்டு நான் அடைக்கணும் சார்" என்றேன்.

"ஏன்? அதுல என்ன கொறை?"

"கொறை ஒண்ணும் இல்ல. நான் அடைக்கலை. அதுதான்."

சார் என்னைப் பார்த்தார். திரும்பிக் கூரையைப் பார்த்தார். "உன்னோட பெரிய ரோதனை" என்றார். படகைக் கரையேற்றச் சொன்னார்.

அடைத்தேன். தண்ணீரில் விட்டோம். குடித்தது. நின்றது. கிளம்புகிற அன்று மாமியும் வந்தார். கையில் ஒரு தகர டப்பா. மூடியைத் தட்டிக் காட்டினார். "எல்லாத் திரியும் இதுக்குள்ளே. எண்ணி வெச்சிருக்கேன். போதுமா?"

"போதும் மாமி."

நான் ஏறினேன். தரைப் பலகையைத் தூக்கினேன். கையை வைத்து ஒவ்வொரு இடுக்காக ஓட்டினேன். கீழே துறையில் தண்டேல் கைகட்டி நின்றார். மாமி டப்பாவோடு நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கரைக்காற்று போய்க்கொண்டிருந்தது.

"என்னடா, வரலாமா?" என்றார் சார்.

"இருங்க சார்."

பனியனில் கையைத் துடைத்துப் பார்த்தேன். இன்னொரு பக்கம் போனேன். அவசரப்படவில்லை. சார் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே, நான் சொல்லும் வரைக்கும் நின்றார்.